கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாதவர்

என் அக்காவின் கணவர் லிப்ட் மெக்கானிக். ஊரில் பாதிக் கட்டடங்களின் லிப்டுகள் அவர் கைபட்டவை. ஆனால் அவர் ஒருநாளும் லிப்டில் ஏறிப் போய் நான் பார்த்ததில்லை. எத்தனை மாடியானாலும் படிதான். கேட்டால், "உள்ள நின்னா கைக்கு வேலை இல்லியேம்மா" என்பார். பட்டனை அழுத்திவிட்டு நாலு சுவருக்கு நடுவில் தேமே என்று நிற்பது அவரால் ஆகாத காரியம். நான் அவரை மாமா என்று கூப்பிடுகிறேன், இங்கேயும் அப்படியே சொல்லிவிட்டுப் போகிறேன்.

என் வீட்டுக்கு வந்தால் உட்காரமாட்டார். கதவுக் கைப்பிடி ஆடுகிறதா, ஜன்னல் கொக்கி சரியாக மாட்டுகிறதா என்று பார்த்துக்கொண்டே நடப்பார், போட்டுவைத்த காபி ஆடைகட்டிக் கிடக்கும். தெருவில் யாருடைய கார் நின்றுபோனாலும் பின்னால் போய்த் தள்ள ஆரம்பித்துவிடுவார். ஒருமுறை, மனைவிக்காகக் கடை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுக் காத்திருந்த ஒரு மனிதரைக் காரோடு சேர்த்துத் தள்ளி, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். நான் குழந்தைகள் வார்டில் நர்ஸ். என்னைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வந்தால், நான் கீழே இறங்குவதற்குள் இரண்டு ஸ்ட்ரெச்சரை எக்ஸ்ரே அறைவரை தள்ளிவிட்டு வந்திருப்பார். "அவர் புதுசா சேர்ந்த அட்டெண்டரா?" என்று எங்கள் ஹெட் நர்ஸ் கேட்டார். தங்கமான மனுஷர்தான். தங்கமான மனுஷரோடு குடும்பம் நடத்துவது எவ்வளவு பெரிய பாடு என்பதை என் அக்காவைக் கேட்டால் சொல்வாள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அடுத்தவரைச் சும்மா இருக்கவைப்பதில் அவர் மகா கெட்டிக்காரர். யாராவது லிப்டில் மாட்டிக்கொண்டால் முதலில் போய்க் கதவைத் தட்டி உள்ளே இருப்பவரிடம் பேசுவார். "நான் வந்துட்டேன். நீங்க கதவுல கை வைக்காதீங்க. அப்படியே நில்லுங்க, மிச்சத்தை நான் பாத்துக்கறேன்." பிறகு மொட்டைமாடி மோட்டார் அறைக்கு ஓடி, மின்சாரத்தை நிறுத்தி, பிரேக்கைத் தளர்த்தி, சக்கரத்தைக் கையாலேயே சுற்றி லிப்டை ஒரு தளத்துக்குக் கொண்டுவந்து சேர்ப்பார். உள்ளே அழுதுகொண்டிருந்தவர்கள்கூட அவர் குரலைக் கேட்டு அடங்கிவிடுவார்களாம்.

அவருக்கு ஒரே மகள். பேச்சிலும் பார்வையிலும் காரம் ஜாஸ்தி என்பதால் சின்ன வயதிலேயே மிளகாய் என்று பெயர் வைத்துவிட்டோம். மற்ற அப்பாக்கள் சைக்கிள் சீட்டைப் பிடித்துப் பழக்கிவிட்டு ஒருநாள் விட்டுவிடுவார்கள். இவர் விடவேயில்லை. அவள் நன்றாக ஓட்டப் பழகிய பிறகும், மேடு வந்தால் பின்னாலேயே ஓடிப்போய் முதுகில் கைவைத்துத் தள்ளுவார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கத்துவாள்: "விடுப்பா! நானே போறேன்!" தெருவே சிரிக்கும்.

சிரிப்பு நின்றது பள்ளிப் பெண்களுக்கான ஒரு மலைச் சைக்கிள் பந்தயத்தில். மிளகாய்தான் முன்னால் வந்துகொண்டிருந்தாள். முடிவுக் கோடு கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் கொஞ்சம் தடுமாறினாள், அவ்வளவுதான். மாமா கயிற்றைத் தாண்டி ஓடி, அவள் முதுகில் கையை வைத்து ஒரே தள்ளு. அந்தத் தள்ளு இல்லாமலே அவள் ஜெயித்திருப்பாள். வெளியாள் தொட்டால் ஆட்டம் காலி என்பது விதி. எதிரிலேயே நின்ற நடுவர் அவள் பெயரை அடித்துவிட்டார், கோப்பை இரண்டாவது வந்த பெண்ணுக்குப் போயிற்று. மிளகாய் அழவில்லை. வீட்டுக்கு வந்து, "இனிமே என் ரேஸ் நடக்கற பக்கம் நீ வரக்கூடாது" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

படிப்பு முடிந்ததும் வெளியூர் சைக்கிள் அணி ஒன்று அவளைச் சம்பளத்துக்கு எடுத்துக்கொண்டது, வீட்டைவிட்டுப் போனாள். போனில் அம்மாவோடு மணிக்கணக்கில் பேசுவாள். அப்பா என்றால், "சாப்பிட்டியா, நல்லாருக்கியா", அதோடு சரி. மாமா அவளுடைய பந்தயங்களை டிவியில்தான் பார்த்தார். பார்த்தார் என்றா சொல்வது! அவள் மேடு ஏறினால் இவர் எதிரே கிடக்கும் மேசையைத் தள்ளுவார். பந்தயம் முடியும்போது மேசை சுவரோடு ஒட்டி நிற்கும். அக்கா ஒவ்வொரு முறையும் அதை இழுத்துப் பழைய இடத்தில் போடுவாள்.

இந்த வருஷம் பெண்களுக்கான ஒரு பெரிய சைக்கிள் பந்தயத்தில் மிளகாயின் அணிக்கு இடம் கிடைத்தது. ஒரு வாரம் ஊர் ஊராக ஓட்டவேண்டும், அதில் ஒருநாள் எங்கள் ஊரிலிருந்து காரில் போய்வரக்கூடிய ஒரு மலைமேல் முடிகிறது. தொழில்முறை வீராங்கனை என்றால் கோப்பையோடு படத்தில் நிற்பவள் என்று நினைத்துவிடவேண்டாம். அணியில் ஜெயிக்கப்போகிறவள் வேறொருத்தி. அவளுக்குத் தண்ணீர் பாட்டில் கொண்டுபோய்க் கொடுப்பது, முன்னால் போய்க் காற்றை மறைப்பது, இதெல்லாம்தான் எங்கள் பெண்ணின் உத்தியோகம். அவளுக்கு இருந்த ஆசை ஒன்றே ஒன்று, வாரம் முழுக்க ஓட்டி முடித்துவிடவேண்டும்.

பந்தயத்துக்கு முன்னால் என்னைப் போனில் கூப்பிட்டாள்.

"சித்தி, அந்த மலைக்கு அப்பா வரட்டும்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "நிஜமாவா சொல்ற?"

"நிஜமாத்தான். ஆனா கையை வெச்சுக்கிட்டு சும்மா இருக்கணும். என்மேல ஒரு விரல் பட்டாலும் சரி, அதோட முடிஞ்சுது, இனிமே கூப்பிடவே மாட்டேன். அம்மா கூட வந்தா அழுதுகிட்டு நிப்பாங்க, அவரைப் பிடிக்க மாட்டாங்க. நீதான் ஊசி போடறப்ப பசங்களைப் பிடிக்கிறவ. நீ பொறுப்பு."

மாமாவிடம் சொன்னேன். அவர் ஸ்பேனரைத் துடைத்தார், மறுபடியும் துடைத்தார். "நான் ஒழுங்கா இருப்பேன்னு அவகிட்ட சொல்லு" என்றார். அன்று முதல் அக்கா வீட்டில் ஒருவருக்கும் நிம்மதி இல்லை. மனுஷர் சாப்பிடும்போதுகூட இடது கையைத் தொடைக்கடியில் வைத்துப் பழகினார்.

மலைப் பந்தயத்தன்று விடியுமுன் கிளம்பியும், அடிவாரத்தைத் தாண்டி வண்டியை விடவில்லை. நடந்தே ஏறினோம். பாதை முழுக்க ஜனம், மடக்கு நாற்காலி, பாய், கொடி. மாமா எங்கே பார்த்தாலும் தள்ளுவதற்கு ஏதோ ஒன்று இருந்தது. ஐஸ்கிரீம் வண்டிக்காரர் ஒருவர் மேட்டில் திணறுவதைப் பார்த்து என் பக்கம் திரும்பினார். "இதைத் தள்ளலாமில்ல?"

"தள்ளிட்டு வாங்க. இருக்கறதையெல்லாம் அங்கயே செலவு பண்ணிடுங்க."

அந்த வண்டியை மேலேவரை தள்ளினார். யாரோ கட்டிய பதாகையின் முடிச்சை அவிழ்த்துத் திரும்பக் கட்டினார். எவருடைய நாற்காலியோ ஆடுகிறது என்று, உட்கார்ந்திருந்த அம்மாளை எழுப்பிவிட்டு திருகாணியை முடுக்கினார். முடிவுக் கோட்டுக்குச் சற்றுக் கீழே, செங்குத்தான ஒரு வளைவில் வந்ததும் நின்றுவிட்டார். "இங்கதான்."

"வேண்டாம் மாமா. சமமான இடமாப் பாத்து நிப்போம். சர்ருன்னு போயிடுவா, உங்களுக்கும் கை அரிக்காது."

"சர்ருன்னு போனா அவ மூஞ்சியை எப்பப் பாக்கறது?"

சரி என்று என் தொழில்புத்தியைக் காட்டினேன். ஒரு கையில் ஃப்ளாஸ்க், இன்னொரு கையில் குடை. இரண்டையும் கீழே வைக்கக்கூடாது என்று உத்தரவு. கை நிறைய சாமானோடு, வெயிலில், ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறிக்கொண்டே அவர் நின்றார். எனக்கும் இருப்புக்கொள்ளவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவரைப் பிடிக்க வந்தவள், வளைவுக்கும் மரத்துக்குமாக நடந்துகொண்டே இருந்தேன்.

அக்கா வீட்டில் டிவி முன்னால் உட்கார்ந்து நிமிஷத்துக்கொரு போன் போட்டாள். முதலில் நல்ல செய்தி, மிளகாய் கூட்டத்தோடு வருகிறாள். அப்புறம் குரல் மாறியது.

"விழுந்துட்டாடி. இறக்கத்துல ஒரு கும்பலே விழுந்துச்சு. நம்ம புள்ளையும் கீழ."

"எந்திரிச்சாளா?"

"எந்திரிச்சா. சைக்கிளை மாத்திக் குடுத்தாங்க. ஏறிட்டா. ஆனா ரொம்பப் பின்னால இருக்கா. நீ அவர்கிட்ட சொல்லாத."

சொல்லவேண்டிய அவசியமே இல்லை. போனைப் பிடித்திருந்த என் முகத்தைப் பார்த்தே அவருக்குத் தெரிந்துவிட்டது. குடைக்காம்பு அவர் பிடியில் கிறீச்சிட்டது.

ஹெலிகாப்டர் சத்தம் வந்தது, மோட்டார் பைக்குகள் வந்தன, ஜனம் எழுந்து கத்தியது. முன்னணிப் பெண்கள் எங்கள் முன்னால் வந்தது தெரியும், போனது தெரியாது. விடியற்காலையிலிருந்து காத்திருந்தது இந்தக் கண்சிமிட்டலுக்கா என்று எனக்கு எரிச்சலாக வந்தது. பிறகு பெரிய கும்பல், பிறகு இரண்டும் மூன்றுமாகச் சோர்ந்த முகங்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தோம். எங்கள் பெண் இல்லை.

பக்கத்தில் ரேடியோ வைத்திருந்த ஒருவர், நாங்கள் கேட்காமலே விளக்கினார். முதலில் வந்தவளுக்கு ஆன நேரத்தோடு கொஞ்சம் கூட்டி ஒரு கெடு வைத்திருப்பார்களாம். அதற்குள் கோட்டைத் தாண்டாதவள் மறுநாள் ஓட்ட முடியாது, பந்தயத்தைவிட்டே வெளியே. "இன்னும் ஒரே ஒரு பொண்ணுதான் பாக்கி. அவ கஷ்டம்தான்" என்றார். அந்த ரேடியோவைப் பிடுங்கிப் பள்ளத்தில் எறியலாமா என்றிருந்தது எனக்கு. ஜனம் நாற்காலிகளை மடக்க ஆரம்பித்தது.

அப்போது வளைவில் அவள் தலை தெரிந்தது.

ஜெர்சி தோளிலிருந்து இடுப்புவரை கிழிந்திருந்தது. முழங்கையில் ரத்தமும் மண்ணும் அப்பியிருந்தன. சைக்கிள் நேராக வரவில்லை, சாலையின் இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்குமாக அலைந்துகொண்டு, நடக்கிற வேகத்தில் வந்தது. பின்னால் நடுவரின் மோட்டார் பைக். அதற்கும் பின்னால், விலகியவர்களை ஏற்றிக்கொள்கிற வேன், அவள் எப்போது இறங்குவாள் என்று ஊர்ந்து வந்தது. எத்தனையோ குழந்தைகளின் காயத்துக்குக் கட்டுப்போட்ட கை என்னுடையது. அவளைப் பார்த்ததும் அது தானாகப் பஞ்சையும் கட்டுத்துணியையும் தேடியது.

"மிளகா! வா! வந்துட்ட, வந்துட்ட!" மாமா கத்தினார்.

அவள் நிமிர்ந்தாள். முதலில் யாரென்றே தெரியாததுபோலப் பார்த்தாள். பிறகு உதடு கோணியது.

"அப்பா... தள்ளுப்பா."

நான் சரியாகத்தான் கேட்டேனா என்று எனக்கே சந்தேகம். நாற்காலி மடக்கிய ஜனம் முழுக்கத் திரும்பி நின்று குரல் கொடுத்தது: "தள்ளுங்க சார்! தள்ளி விடுங்க!" பைக்கின் பின்சீட்டில் இருந்த நடுவரைப் பார்த்தேன். அந்த மனுஷர் வேண்டுமென்றே முகத்தைப் பள்ளத்தாக்கின் பக்கம் திருப்பிக்கொண்டார். கடைசியாக வருகிறவளை யாராவது ஒரு கை தள்ளினால் அதைப் பெரிதுபடுத்த அவருக்கும் மனசில்லை போலிருக்கிறது. அப்புறம் எனக்கென்ன பொறுப்பு, எனக்கென்ன கட்டளை! மாமாவின் கையிலிருந்த ஃப்ளாஸ்கையும் குடையையும் நானே பிடுங்கிக் கீழே போட்டேன். "தள்ளுங்க மாமா! அவளே கேக்கறா!"

அவர் ஓடினார். கைகளை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், ஒரு கையால் இன்னொரு மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கழுத்தை முன்னால் நீட்டி அவள் பக்கத்தில் ஓடினார்.

"நீயே போ. கூட வரேன். கை மட்டும் வைக்க மாட்டேன்."

"முடியலப்பா. தள்ளு."

"மாட்டேன்டி. மிதி. மிதி. அவ்வளவுதான், இதோ வந்துடும்."

"தள்ளுப்பா!"

"மாட்டேன்."

அவர் அழுதுகொண்டே ஓடினார். கைகளை வீசாமல் மேட்டில் ஓடுவது லேசான காரியமில்லை, இரண்டு தடவை தடுக்கி விழப்போனார். அப்போதும் கையை விடவில்லை. தடுப்புக் கம்பிகள் தொடங்குகிற இடத்தில் காவலர் அவரை நிறுத்தினார். அவள் மட்டும் ஆடி ஆடிப் போய் மறைந்தாள்.

அக்காவின் போன் வந்தது. வெறும் அழுகை, அதற்கு நடுவில் துண்டு துண்டாகச் செய்தி. கோட்டைத் தாண்டிவிட்டாள். ஆனால் அதற்கு முன்னாலேயே கெடு முடிந்துவிட்டது. மூச்சை இழுத்து விடுகிற நேரம்தான் வித்தியாசம். அவ்வளவுதான், அவ்வளவேதான்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. தடுப்பைப் பிடித்துக்கொண்டு இரைத்துக்கொண்டிருந்தவரிடம் போய், வாய்க்கு வந்தபடி பேசினேன். "ஊர்ல இருக்கற காரையெல்லாம் தள்ளுவீங்க. எவனோ ஐஸ்கிரீம் விக்கறவன் வண்டியைத் தள்ளுவீங்க. பெத்த பொண்ணு வாயைத் திறந்து கேட்டா மட்டும் கையைக் கட்டிக்குவீங்களா? ஒரு தள்ளு மாமா. ஒரே ஒரு தள்ளு!" மணிக்கட்டில் அவர் விரல்களே பதித்த தடம் சிவப்பாக இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் என் வாய் அடங்கியது.

அணிகளின் பஸ்கள் மலை உச்சியில் வரிசையாக நின்றன. மிளகாய் தன் பஸ்ஸின் படியில் உட்கார்ந்திருந்தாள். டாக்டர் முழங்கைக்குக் கட்டுப்போட்டு முடித்திருந்தார், நல்ல கட்டுதான், குறை சொல்ல முடியாது. மாமா தூரத்திலேயே நின்றுவிட்டார். என்னை முன்னால் விட்டு, வெளியே அனுப்பப்பட்ட மாணவனைப்போல ஒரு வேன் மறைவில் ஒதுங்கினார். அவள்தான் எழுந்து நொண்டிக்கொண்டு வந்தாள். எரிமலை வெடிக்கப்போகிறது என்று நான் இரண்டு பேருக்கும் நடுவில் தயாராக நின்றேன்.

"கேட்டேனேப்பா" என்றாள்.

"கேட்ட."

"அப்புறம் ஏன் தள்ளல? ரூல்ஸ்னு சொல்லாத. கடைசில வர்றவளைத் தள்ளினா நடுவர் கண்டுக்க மாட்டாரு, எனக்கே தெரியும்."

மாமா தடம் பதிந்த மணிக்கட்டைத் தடவிக்கொண்டார். "ரூல்ஸ் இல்லடி. பயம். நான் தள்ளி நீ மேல போயிட்டா, நாளைக்கு வலியெல்லாம் போனப்புறம், இந்தாள் மறுபடியும் கையை வெச்சுட்டான்னு நினைப்ப. அப்புறம் கூப்பிடவே மாட்ட. ரேஸ் போனா போகட்டும்னு இருந்துட்டேன். எனக்கு நீ வேணும்."

"சுயநலம்ப்பா இது."

"ஆமா."

அவள் நல்ல கையை ஓங்கி அவர் நெஞ்சில் ஒரு குத்து விட்டாள். வலிக்கிற மாதிரித்தான் விட்டாள். பிறகு நெற்றியை அதே இடத்தில் சாய்த்து அப்படியே நின்றாள், தோள் மட்டும் குலுங்கியது. மாமாவின் கைகள் இரண்டும் காற்றில் அந்தரத்தில் நின்றன, அவளைத் தொடலாமா கூடாதா என்று தெரியாமல். "பிடிச்சுக்கப்பா" என்று அவள் சொன்ன பிறகுதான் பிடித்துக்கொண்டார்.

பஸ்ஸின் உள்ளேயிருந்து யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"நாளைக்கு என் டீம் ஓடும். நான் ரோட்டோரமா நின்னு பாட்டில் நீட்டணும். அவங்க கஷ்டப்படறதைப் பாத்துக்கிட்டு சும்மா நிக்கணும். எனக்கு அது தெரியாதுப்பா, நான் நின்னதே இல்ல." குரல் மறுபடி உடைந்தது. "நீ வந்து என் பக்கத்துல நில்லு."

மாமா தலையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார். நான் அவர் லீவைப் பற்றி ஏதோ கேட்க வாயெடுத்தேன். மிளகாய் என் பக்கம் திரும்பினாள்.

"சித்தி, நீ வீட்டுக்குப் போ. இவரை நான் பாத்துக்கறேன்."